பின்சக்கர வேதாந்தி

ஆளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். திருவெறும்பூர் பாய்லர் ஆலையிலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ முப்பது சொச்சம் வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் வீடு. வாசலில் பழைய புல்லட். யாராவது ‘சௌக்கியமா’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்பார். ஆனால் கேட்டவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்; அவர் வந்த வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தபடிதான் சொல்வார். பேட்டைக்கு ஒருவராவது இப்படி உண்டு. தில்லைநகரில் ஒருவர், உறையூரில் ஒருவர், பொன்மலைப்பட்டியில் கண்டிப்பாக இரண்டு பேர். அம்மா மண்டபம் சாலையில் எங்கள் அடுக்குமாடிக்கு வாய்த்தவருக்குப் பெயர் செயின் மாமா. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

திருச்சிக்காரர்களுக்குப் பொதுவாகவே அடுத்தவன் வண்டிமேல் அக்கறை அதிகம். முன்பின் தெரியாதவனைத் துரத்திப் பிடித்து, “தம்பி, ஸ்டாண்டு!” என்று கத்துவார்கள். பட்டப்பகலில் விளக்கெரிய ஒருவன் எதிரே வந்தால் ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார்கள். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் முகப்பு விளக்கு தானாகவே எரிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது; விரல் சேவை நின்றுபோனது. ஸ்டாண்டு எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சின் அணைந்துவிடுகிற வண்டிகள் வந்து, கத்தும் சேவையும் நலிந்துகொண்டிருக்கிறது. மிச்சமிருப்பது செயின் ஒன்றுதான். அதை மாமா தனியாளாகக் காப்பாற்றி வருகிறார்.

ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று காபி குடித்துக்கொண்டிருப்பார். கல்லூரிப் பையன் ஒருவன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவான். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

“தம்பி, ஒரு நிமிஷம். நம்பர் என்ன?”

“டிஎன் நாப்பத்தெட்டு...”

“அது வண்டி நம்பர். செயின் நம்பர் கேட்டேன்.”

பையன் விழிப்பான். மாமாவுக்கு வேண்டியது அந்த முழிதான். 428 என்றால் முதல் எண் 4. அதாவது அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை அங்குலம். 520 என்றால் எட்டில் ஐந்து. மீதி இரண்டு எண்ணும் அகலக் கணக்கு. இதைச் சொல்லிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் செயினின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பார்.

“ரெண்டரை சென்டிமீட்டர் ஆடலாம். மிஞ்சினா மூணு. உன்னது ஊஞ்சலாடறது.”

“நீண்டுருச்சா அங்கிள்?”

கேட்கக்கூடாத கேள்வி அது. “செயின் நீளாதுடா, தேயும்!” என்று ஒரு சத்தம் வரும்; கடைக்காரர் டிகாஷனைக் கொட்டிவிடுவார். விஷயம் என்னவோ உண்மைதான். பக்கத்துத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசி உரசி, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. கண்ணிகள் நூற்றுக்கு மேல். அத்தனை மயிரிழையும் சேர்ந்தால் மொத்தச் செயினும் தொங்குகிறது. தொங்குகிற செயின் பல்சக்கரத்தில் பல்லின் மேலேறி உட்கார்ந்து பல்லைக் கொக்கியாக்கிவிடும். பல் கொக்கியானால் அடுத்து வாங்குகிற புதுச் செயினையும் அது தின்றுவிடும். அதனால்தான் மெக்கானிக்குகள் செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். மாமாவின் புல்லட்டில் நிலைமை இன்னும் மோசம்: பின்பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல் போனால் டிரம்மும் போச்சு. அவருடைய தத்துவத்துக்கு அடியில் கிடப்பது இந்தப் பயம் என்று நான் நினைக்கிறேன்.

தத்துவம் என்று சும்மா சொல்லவில்லை. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அந்த பலம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வண்டி நகரும். சேர்ப்பதற்கு வழி மூன்று: செயின், பெல்ட், ஷாஃப்ட். மாமா மூன்றுக்கும் ஸ்தல புராணம் வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ல் ரோலர் செயினைக் கண்டுபிடித்தார். ஆதிகால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் தோல் பெல்ட்தான். மழை பெய்தால் வழுக்கும். செயின் வந்து தோலை விரட்டியது. பி.எம்.டபிள்யூ. 1923-ல் தன் முதல் பைக்கிலேயே ஷாஃப்ட் வைத்துவிட்டது. ஹார்லி டேவிட்சன் 1980-ல் பல்வைத்த ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்து, விரட்டப்பட்டதைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஊர்ப்பற்றுக்கு வந்துவிடுவார். “கோயம்புத்தூர்ல ரோலான், அம்பத்தூர்ல டயமண்ட். செயின்ங்கறது நம்மூர் சரக்கு சார். பெல்ட்டுக்கு நமக்கு என்ன உறவு?”

இதற்கு எதிர்க்கட்சி உண்டு. தில்லைநகர் ஷாஃப்ட் சார். சாயங்காலம் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் காற்று வாங்க வருவார். பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே தெருவில் நிற்கும் பி.எம்.டபிள்யூ.க்களைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்புவான். “எண்ணெய் விட வேணாம், டைட் வைக்க வேணாம். எல்லாம் குழாய்க்குள்ள மூடி, கியர் ஆயில்ல முங்கிக் கிடக்குது. மழையா, மணலா, ஒண்ணும் அண்டாது” என்பார். அவர் சொல்வதெல்லாம் சரி. இத்தனை பேசுகிறவர் ஓட்டுவது மட்டும் பழைய சேத்தக் ஸ்கூட்டர். அதில் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, ஷாஃப்ட்டும் இல்லை. கியர்பாக்ஸே நேராகப் பின்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுகிறது. காலையில் அதை இடப்பக்கம் ஒருமுறை சாய்த்து நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். ஷாஃப்ட்டை அவர் நேரில் பார்த்தது ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு அடியில்.

மாமாவிடம் மறுப்புகள் தயாராக இருக்கும். புல்லட்டில் எஞ்சின் தண்டு குறுக்கே சுற்றுகிறது. ஷாஃப்ட் போட்டால் பலத்தை ஒருமுறை நெடுக்காகத் திருப்பி, சக்கரத்திடம் போனதும் மறுபடி குறுக்கே திருப்ப வேண்டும். திருப்பம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பலம் போகும், எடையும் ஏறும். அந்தக்கால பி.எம்.டபிள்யூ.வில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின்பக்கம் எம்பும், விட்டால் அமுங்கும். ஜெர்மன்காரர்களே அதற்கு ‘ரப்பர் பசு’ என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பசுவை மாமா வாரம் ஒருமுறையாவது மேய்ப்பார். “அதெல்லாம் எம்பத்தேழுலயே சரி பண்ணிட்டான்” என்று ஷாஃப்ட் சார் முனகுவார். அப்போது மாமா கடைசி அஸ்திரத்தை எடுப்பார்: “உங்க பி.எம்.டபிள்யூ. ஓசூருக்கு வந்து டிவிஎஸ்ஸோட சேர்ந்து முந்நூத்திப் பத்து பண்ணினானே, அதுல என்ன போட்டான்? செயின்!” ஷாஃப்ட் சார் ஆற்றைப் பார்க்கத் தொடங்குவார்.

இரண்டு பேருமே வாய் திறக்க முடியாத ஒரு ஜாதி இருக்கிறது. ஸ்பிளெண்டர்காரர்கள். பூக்காரர், பால்காரர், கூரியர் பையன், திருவானைக்காவலில் இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தினம் நாலு நடை போகிற டிபன் கடைக்காரர். 1994-ல் வந்த அந்த வண்டியில் செயினை மேலும் கீழும் தகரப் பெட்டி போட்டு மூடியிருந்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. காவிரி மணல் காற்றில் பறந்தாலும் உள்ளே போகாது. விட்ட எண்ணெய் வெளியே தெறிக்காது. பெட்டியில் சின்ன ரப்பர் மூடி ஒன்று உண்டு, அதைப் பிடுங்கி விரல் விட்டுப் பார்க்கலாம். மாமா ஒருநாள் பூக்காரரிடம் அனுமதி கேட்டுப் பிடுங்கினார். “அதுக்குள்ள என்ன சாமி இருக்கு?” என்று பூக்காரர் ஆர்வத்தோடு எட்டிப் பார்த்தார். வண்டி வாங்கிப் பதினோரு வருஷமாம்.

என்னைக் கேட்டால், மோட்டார் சைக்கிளில் மனிதன் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இந்தத் தகரப் பெட்டியும் ஒன்று. பழைய ஜாவாவிலும் இருந்தது. அழகாக இல்லை என்று கழற்றினார்கள். கழற்றியதால் மண் ஏறியது. மண் ஏறியதால் ஸ்பிரே டப்பா வந்தது, மூன்று பக்கம் முடிவைத்த பிரஷ் வந்தது, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு வந்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிவிட்டு வருகிற பையன்கள், இறங்கியதும் முதலில் தண்ணீர் குடிப்பதில்லை. செயினுக்கு ஸ்பிரே அடிக்கிறார்கள். சூட்டோடு அடித்தால் உள்ளே இறங்குமாம். மாமாவும் அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் டப்பா விலையைக் கேட்டதும் காவிரிப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்.

அவருடைய முறை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புல்லட் நடு ஸ்டாண்டில் ஏறும். மண்ணெண்ணெய் வேண்டும்; ரேஷனில் அது குறைந்த நாளிலிருந்து மாமா அரசின்மேல் வைத்திருக்கும் ஒரே குறை அதுதான். பெட்ரோலைத் தொடமாட்டார். புது வண்டிச் செயின்களில் கண்ணிக்குக் கண்ணி ரப்பர் வளையம் இருக்கிறது, பெட்ரோல் பட்டால் அது கெடும் என்று புல்லட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணம் சொல்வார். பிறகு பல் துலக்கும் பிரஷ். அந்த வீட்டில் யார் பிரஷ்ஷும் இரண்டு மாதத்துக்கு மேல் குளியலறையில் தங்கியதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் துடைப்பார். ஓடுகிற செயினைத் துணியால் பிடித்து விரலை இழந்தவர்களின் கதையை, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டிக்கு முன் விஸ்தாரமாகச் சொல்வார். அப்புறம் பழைய வேட்டித் துணி, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில், சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக.

அந்தச் சொட்டில்தான் குடும்பப் பிரச்சினை. மாமி போட்ட கோலத்தின் ஓரத்தில்தான் மாமா வண்டியை நிறுத்துவார். “பதினஞ்சு புள்ளி வச்சுட்டு உள்ள போனேன், வந்து பாத்தா பதினேழு” என்பார் மாமி. புல்லட்டின் பின்சீட்டில் மாமி ஏறி எத்தனையோ வருஷமாகிறது. வண்டியில் சேலைக் கம்பி ஒழுங்காகத்தான் இருக்கிறது. பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியே சொல்கிறது. பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கம்பி காப்பாற்றும். கியர் ஆயிலிடமிருந்து காப்பாற்ற விதி எதுவும் இல்லை.

அந்த வீட்டில் மெயின்டனன்ஸ் இரண்டு. மாமா செய்வது ஒன்று. மாமி மாதா மாதம் வீடு வீடாக ஏறி வசூலிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அலைய வண்டி வேண்டும் என்று, போன தையில் மாமி யாரையும் கேட்காமல் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். ஐக்யூப். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாமாவைக் கூப்பிட்டார். மாமா வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு கழுத்தை அடியில் விட்டுப் பார்த்தார்.

“இதுல என்னடி இருக்கு?”

“ஒண்ணும் இல்லேன்னா. அதான் வாங்கினேன்.”

மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. சேர்ப்பதற்கு வழியும் வேண்டாம், வழிக்கு எண்ணெயும் வேண்டாம். மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். கையில் அழுக்கே இல்லை; பழக்கம். சாயங்காலம் அம்மா மண்டபத்தில் தீர்ப்பு வந்தது. “மோட்டாரும் சக்கரமும் ஒண்ணேங்கறான். இது சுத்த அத்வைதம் சார். ராமானுஜர் இருக்கிற ஊர்ல எடுபடாது. ரெண்டும் வேற வேறயா இருக்கணும், ஆனா விட்டுப் பிரியாம இருக்கணும். அதுக்குத்தான் செயின்.” ஷாஃப்ட் சார் வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய பேச்சை மறுக்காமல் கேட்டார். மூடிய குழாய்க்குள்ளும் அதே விசிஷ்டாத்வைதம்தானே என்று மட்டும் சன்னமாகச் சேர்த்துக்கொண்டார்.

மாமா ஒரு வாரம் யாருடைய சக்கரத்தையும் பார்க்காமல் நடந்தார். ஓசூரில் செய்கிற ஏத்தரில் பெல்ட் இருக்கிறது என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்; பெரிதாகச் சமாதானமாகவில்லை. ஓலா 2025-ல் கொண்டுவந்த புது ஸ்கூட்டர்களில் பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயின் போட்டிருக்கிறான் என்று எதிர்வீட்டுப் பையன் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது. “பாத்தியா, எலெக்ட்ரிக்லயும் கடைசியில எங்க வந்தான்!” என்று அன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாராம்.

ஆனால் மாமியின் வண்டி வாசலில்தானே நிற்கிறது. அதற்கும் ஏதாவது செய்தாக வேண்டும். சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்தவருக்கு, சக்கரத்துக்குக் கடைசியில் காற்று இருக்கிறது என்பது தென்பட்டது. சத்திரம் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் காற்றழுத்தமானி வாங்கி வந்தார். முதலில் மாமியின் ஸ்கூட்டர். பிறகு பக்கத்தில் நின்றது, அதற்குப் பக்கத்தில் நின்றது. காலையில் பால் வாங்கக் கீழே போனால், அடுக்குமாடியின் வண்டிகள் அத்தனைக்கும் முன்பின் அழுத்தம் பார்க்கிங் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. குறைந்தவற்றுக்குக் கீழே கோடு. என் வண்டிக்கு இரண்டு கோடு.

நாலாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம்: ‘குடியிருப்போர் கவனத்துக்கு. பிறர் வாகனங்களின் வால்வு மூடிகளைத் திறப்பதும், சுவரில் கிறுக்குவதும் சங்க விதிகளுக்குப் புறம்பானது. மீறினால் சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு சம்பந்தப்பட்டவரிடம் வசூலிக்கப்படும்.’ கீழே ‘செயலாளர்’ என்று மாமியின் கையெழுத்து.