ஒத்தப் பொத்தான்

ஏல பேராண்டி, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்க? வீக்ஆராஸ் ஆட்-ஆன் இனிமே ஓடாதுன்னு ஆயிப்போச்சாக்கும். போகட்டும். அதுக்காகக் காப்பிய ஆற விட்டா எப்படி? மொதல்ல குடி. குடிச்சிக்கிட்டே கேளு. ராத்திரி பூரா நீ ஹெட்போன மாட்டிக்கிட்டுப் போடுத சத்தத்துல, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டுக்குள்ள எவன் செத்தான், எவன் கொன்னான், எந்த ஹீலர் தூங்கிட்டான்னு எனக்கு அத்துபடி. ஒங்க ஆச்சியக் கேட்டாலும் சொல்லுவா. நீ கம்பெனிக்காரன ஏசுத. கம்பெனிக்காரன், ஆட்டத்து மேல நீங்களே எழுதி மாட்டுத ஆட்-ஆன ஏசுதான். ரெண்டு பேரையும் சேத்து ஏச ஆளில்லாமக் கெடக்கு. அந்தச் சோலிய நான் பாக்கேன்.

2004 நவம்பர்ல பிளிசார்டுக்காரன் அந்த ஆட்டத்த எறக்குனப்பவே, திரையில தெரியுத பட்டை, பொத்தான், ஜன்னல் எல்லாத்தையும் லுவா மொழியில எழுதி, வேணுங்கிறவன் மாத்திக்கோன்னு கதவத் தெறந்து விட்டுட்டான். தாராள மனசுன்னு நீங்கள்லாம் புகழுதீங்க. எனக்கு அதுல கொஞ்சம் சோம்பேறித்தனமும் தெரியுது. நம்ம வீட்டு வேலைய அடுத்தவன் சும்மா செஞ்சு குடுத்தா யாருக்குல கசக்கும்? அப்பல்லாம் ஒரு குவெஸ்ட் குடுப்பான்: இன்ன மிருகத்தக் கொன்னு தோலக் கொண்டா, ஆத்துக்கு அந்தாண்ட கெழக்க இருக்கும்னு. கெழக்க எம்புட்டுத் தூரம்? எந்த ஆறு? சொல்ல மாட்டான். ஒலகம் பூரா பிள்ளைக தாட்பாட்டுன்னு ஒரு தளத்தப் பக்கத்துலயே தெறந்து வச்சுக்கிட்டு, இங்க ஒரு கண்ணு அங்க ஒரு கண்ணுன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சுக. அப்புறம் குவெஸ்ட்ஹெல்பர்னு ஒருத்தன் செஞ்சு விட்டான். வரைபடத்துலயே புள்ளி வச்சு, இந்தா இங்க போன்னு காட்டுச்சு.

திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசு வாசல்ல போய்ப் பாரு, மனுவக் கையில வச்சுக்கிட்டு சனம் வரிசையில நிக்கும். ஒங்க ஆட்-ஆன் ஒவ்வொண்ணும் அப்படி ஒரு மனுதான். எங்க போகணும்னு தெரியலய்யான்னு ஒரு மனு. பட்டை கண்ணுக்குத் தெரியலய்யான்னு ஒரு மனு. பாஸ்ங்கிற பெரிய எதிரி என்ன செய்யப் போறான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யான்னு ஒரு மனு. இதுல ஒரு அதிசயம் என்னன்னா, கொறையச் சொல்லுதவனே அதுக்கு மருந்தையும் எழுதி, ஓட்டிப் பாத்து, சும்மா குடுத்துட்டுப் போறான். எந்தக் கலெக்டருக்குல இந்தக் குடுப்பினை உண்டு?

பிளிசார்டுக்காரன் வாங்கி வாசிச்சானா? வாசிச்சான். 2009 டிசம்பர்ல 3.3 பேட்ச்சுல குவெஸ்ட் எடத்த வரைபடத்துல அவனே குறிச்சுக் குடுத்துட்டான். அஞ்சு வருசம். நம்ம ஊரு மனுவுக்கு இது அசுர வேகம். 2011ல பாஸ் ஒவ்வொருத்தனும் என்ன வித்த வச்சிருக்கான்னு ஆட்டத்துக்குள்ளயே ஒரு பொஸ்தகம் போட்டான். மைன்கிராஃப்ட்டுலயும் இதே கததான். மரப் பிக்காக்ஸ் செய்யணும்னா மூணு பலகை மேல் வரிசையில, ரெண்டு குச்சி நடுவுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒருத்தரும் சொல்லிக் குடுக்காம எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஆட்டக்காரங்க எழுதி வச்ச விக்கியப் பாத்துப் பாத்து வருசக் கணக்கா ஆடுனதுக. 2017லதான் செய்முறைப் பொஸ்தகத்த உள்ள வச்சான்.

இப்படி உள்ள எடுக்கிறதுக்கும் முட்டுக்கட்ட போட ஒரு கூட்டம் இருக்கு. தானாக் கண்டுபிடிக்கிற சொகம் போயிரும்னு சொல்லும். சொல்லுதவன் வீட்டுக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் எட்டிப் பாரு, விக்கி தெறந்தபடியே கெடக்கும். எல்லாரும் வெளிய போய்ப் பாக்குததத்தான உள்ள வைக்கச் சொல்லுதோம்? ஒளிச்சு வச்ச பொதையல் எங்க இருக்குன்னா கேட்டோம்? நடக்குத பாதை எதுன்னு கேட்டோம். இந்த வகை எல்லாத்தையும் யோசிக்காம உள்ள எடுத்துரணும், அதுல எனக்குப் பேச்சே இல்ல.

ஆனா எடுக்கிறவனுக்கும் நான் ஒண்ணு சொல்லணும். 2009 மார்ச்சுல பிளிசார்டுக்காரன் ஒரு சட்டம் போட்டான்: ஆட்-ஆனுக்குக் காசு வாங்கக் கூடாது, ஆட்டத்துக்குள்ள நன்கொடையும் கேக்கக் கூடாது, எழுதுனத ஒளிச்சு வைக்காமத் தெறந்து காட்டணும். கார்பனைட்னு காசுக்கு வித்துக்கிட்டு இருந்தவன் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு அடங்க வேண்டியதாப் போச்சு. சட்டம் தப்புன்னு சொல்ல மாட்டேன். காசுள்ளவனுக்கு ஒரு பார்வை, இல்லாதவனுக்கு ஒரு பார்வைன்னு ஆகியிருக்கும். ஆனா மாசாமாசம் சந்தா வாங்குதவன், சும்மா ஒழைக்கிறவனப் பாத்துக் காசு கேக்காதங்கிறான் பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. எடுத்துக்கோப்பா, வேண்டாங்கல. எடுத்தா, இது இன்னாரு யோசனைன்னு பேரப் போடு. வேலைக்கு ஆளு எடுக்கையில அவன நெனச்சுக்கோ.

சரி, கம்பெனிக்காரன ஏசுனதக் கேட்டு ஒன் மூஞ்சி மலந்திருச்சு. இனி ஒன் மொறை.

டிகர்சிவ்னு ஒண்ணு இருந்துச்சு, ஒனக்கு முந்துன தலமொறை. ரெய்டுன்னு கூட்டமாப் போய்ப் பாஸ அடிக்கையில 40 பேரு நிப்பான். பாஸ் சாபத்தப் போடுவான், வெசத்தப் போடுவான். யார் மேல விழுந்துச்சு, அதுல யார மொதல்ல காப்பாத்தணும்னு ஹீலர் தேடிப் பிடிக்கணும். ஆட்டமே அதுதான். டிகர்சிவ் வச்சிருந்தவன் ஒரே பொத்தானத் தட்டிக்கிட்டே இருந்தாப் போதும். யாருக்கு, எந்த மருந்துங்கிறத எல்லாம் அதுவே பாத்துக்கிடும். ஒரு கையில முறுக்கத் தின்னுக்கிட்டே சாமியாரு வேலை பாக்கலாம். 2006 டிசம்பர்ல 2.0 பேட்ச்சுல, ஆளையும் மந்திரத்தையும் ஆட்-ஆன் தானாத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு தாப்பாளப் போட்டான். விட்டீங்களா? 2010ல ஏவிஆர்னு ஒண்ணு வந்து, சண்டை நடக்குத தரையிலயே வட்டம் போட்டு, இங்க நில்லு அங்க நிக்காதன்னு காட்டுச்சு. அதையும் ஒடச்சான். ஆட்கள் நிக்குத எடத்த வச்சு அம்புக்குறி போட்டீங்க. 2016ல அந்தக் கணக்கையும் மறைச்சான்.

2023ல நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கூத்து. சில சாபங்கள மனுசக் கண்ணுக்குக் காட்டி, ஆட்-ஆன் கண்ணுக்கு மறைச்சான். நல்ல ரோசனைதான். கெட்டிக்காரப் பயலுக நீங்க என்ன செஞ்சீங்க? சாபம் விழுந்தவன் தன் கையாலயே ஒரு மேக்ரோ பொத்தான அமுக்கி, அய்யா என் மேலதான் விழுந்திருக்குன்னு ஆட்-ஆன்கிட்ட ஒப்புக்குடுக்கணும். அது ஒடனே கணக்குப் போட்டு, நீ இந்த மூலைக்கு ஓடு, அவன் அந்த மூலைக்கு ஓடட்டும்னு உத்தரவு போடும். சாபத்தப் பாக்கணும், பொத்தானத் தேடணும், அமுக்கணும், வந்த உத்தரவ வாசிக்கணும், அதுக்கப்புறம் ஓடணும். பாத்த ஒடனே ஓடிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பியேல! நாலு பேரு ஒரே மூலைக்கு ஓடிருவோமே தாத்தான்னு சொல்லுவ. ஓடுங்க. முட்டிக்கிட்டுச் சாவுங்க. அடுத்த தடவ வாயத் தெறந்து பேசி வச்சுக்கிடுங்க. ஆட்டம்னா அதுதான். அந்த ஒரு எடத்தத் தூக்கி மிசினுகிட்டக் குடுத்துட்டு, ஆட்டம் போரடிக்குன்னு எங்கிட்ட வந்து பொலம்புத.

இதுல கம்பெனிக்காரனும் யோக்கியன் இல்ல, கேட்டுக்கோ. நீங்க ஆட்-ஆன் வச்சுச் சமாளிக்கீங்கன்னு தெரிஞ்ச ஒடனே பாஸுக்கு இன்னும் நாலு வித்தைய ஏத்துவான். வித்தை ஏறுன ஒடனே நீங்க இன்னொரு ஆட்-ஆன எறக்குவீங்க. கடைசியில எங்க வந்து நின்னுச்சு? புதுசா ஆட வந்தவன்கிட்ட, மொதல்ல இதெல்லாத்தையும் எறக்கி மாட்டிக்கிட்டு வா, அப்புறம் சேத்துக்கிடுதோம்னு வாசல்லயே நிறுத்துதீங்க. கடையில விக்கிறது பாதி ஆட்டம், மீதிப் பாதி வெளிய கெடக்குன்னா அது யாரு தப்பு?

ஜப்பான்காரன் வேற மாதிரி பாத்தான். ஃபைனல் ஃபேன்டசி 14ல வெளிச் சாமானே கூடாதுன்னு ஒரே தடை. ப்ளேஸ்டேஷன்ல ஆடுதவனால எதையும் மாட்ட முடியாது, அவனுக்கு அநியாயம் ஆகக் கூடாதுங்கிறது ஒரு நியாயம்தான். நடந்தது என்ன? சட்டப்படி வச்சிருந்தாலே குத்தம். நடப்புல வாயத் தெறந்தாத்தான் குத்தம். எவன் எம்புட்டு அடிச்சான்னு எல்லாரும் ஏசிடி சாமான்ல கமுக்கமாப் பாப்பான், ஆட்டத்துக்குள்ள மட்டும் நம்பரச் சொல்ல மாட்டான். 2022ல அந்த ஆட்டத்த நடத்துத யோஷிதாவே எறங்கி வந்து, நீங்க அதிகமாப் பயன்படுத்துத சாமான்கள என்னன்னு பாத்து, திரையில அதுக்கு வழி செய்வோம்னு சொன்னாரு. அந்த மனுசனும் கடைசியில மனுவ வாசிச்சுத்தான் ஆகணும்.

அதே மாதிரி கேம்பிரிட்ஜ்ல ஜாஜெக்ஸ்காரன். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்புக்கு ஒரு ஆட்டக்காரன் பாடுபட்டு 117எச்டின்னு ஒண்ணு செஞ்சு, வெளியிடப் போற நேரத்துல, நாங்களே அப்படி ஒண்ணு செய்யப் போறோம், நீ நிறுத்துன்னுட்டான். 2021 செப்டம்பர்ல. அது படத்த அழகாக்குத சாமான், தகவல் சாமான் இல்ல, இருந்தாலும் புத்தி ஒண்ணுதான். செய்யப் போறவன், செஞ்சு முடிச்சவன நிறுத்தச் சொன்னான்! ஆட்டக்காரங்க ஆட்டத்துக்குள்ளயே கூடி நின்னு கூப்பாடு போட்டதும், சில நாள்லயே சரி வெளியிடுன்னு எறங்கிட்டான்.

இப்ப ஒன் சோகத்துக்கு வாரேன். வார்கிராஃப்ட்டுக்கு மிட்நைட்னு 2026ல வந்த விரிவாக்கத்துல, சண்டைத் தகவலப் பூரா பெட்டிக்குள்ள பூட்டிட்டான். பெட்டியப் பெரிசாக்கலாம், நெறம் மாத்தலாம், மூலைக்குத் தள்ளலாம். உள்ள என்ன இருக்குன்னு பாத்து ஆட்-ஆன் கணக்குப் போட முடியாது. அது ஆகாதுன்னு வீக்ஆராஸ் செஞ்ச பிள்ளைக ஒதுங்கிட்டாக. பதிலுக்குக் கம்பெனியே பாஸ் எச்சரிக்கை, அடிக் கணக்கு மீட்டர் எல்லாம் வச்சுக் குடுத்திருக்கான். ஒனக்குக் கோவம் வரும், எனக்கு மீட்டரு பிடிச்சிருக்கு. முன்ன ஒன் டீட்டெய்ல்ஸ் ஆட்-ஆன் ஒண்ணு சொல்லும், ஒன் கூட்டாளி ரீகவுன்ட் ஒண்ணு சொல்லும், ரெண்டு பேரும் விடிய விடிய நம்பருக்குச் சண்ட போடுவீங்க. தூரத்துல நடந்த அடி ஒருத்தன் பதிவுல விழும், இன்னொருத்தன் பதிவுல விழாது. கம்பெனிக் கணக்குன்னா எல்லாருக்கும் ஒரே கணக்கு. வீட்டுல நாங்க தூங்கலாம்.

பூட்டுனதுலயும் எனக்குக் கொற இல்ல. பூட்டுன வரிசையிலதான் கொற. மாத்துச் சாமான நல்லா ஓட விட்டு, நாலு பேரு ஆடிப் பாத்து, சரியா இருக்குன்னு சொன்னப்புறம்ல பழசப் பூட்டணும்? கண்ணு தெரியாதவுக ஆடுததுக்குன்னே ஸ்கூன்னு ஒரு ஆட்-ஆன் இருக்காமே, சத்தத்த வச்சே நடத்திக் கூட்டிட்டுப் போகுமாம். அப்படி ஒண்ணச் செய்யணும்னு கம்பெனிக்கா தோணுச்சு? ஒரு ஆட்டக்காரனுக்குத்தான தோணுச்சு! நாளைக்குத் தோணப் போறதும் வெளிய இருக்கிறவனுக்குத்தான். எல்லாத்தையும் உள்ள எடுத்தாச்சு, இனி யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு நெனச்சா, அப்புறம் அவனுக்கு மனு எழுத ஆளே இருக்காது.

இன்னொரு குசும்பையும் சொல்லிருதேன். ஆட்-ஆன் முடிவெடுக்கக் கூடாது, மனுசன்தான் எடுக்கணும்னு இத்தன வருசம் உபதேசம் பண்ணுன பிளிசார்டுக்காரன், 2025 ஜூன்ல என்ன செஞ்சான்? அடுத்து எந்த மந்திரத்தப் போடணும்னு ஹெகிலி ஆட்-ஆன் சொல்லுச்சுல்ல, அதே வேலையத் தானே உள்ள கொண்டாந்துட்டான். அதோட விடல. ஒரே பொத்தான அமுக்குனாப் போதும், அடுத்த அடி என்னங்கிறத ஆட்டமே பாத்துக்கிடும்னு ஒண்ணு வச்சான். டிகர்சிவ்வ வெரட்டுன வாசல் வழியாவே அதோட பேரப்பிள்ளை மாலை மரியாதையோட உள்ள வந்துட்டான்.

ஆனா அதுல ஒரு நேர்மை இருக்குல. அந்தப் பொத்தான அமுக்குதவனுக்கு ஒவ்வொரு அடிக்கும் 0.2 வினாடி தாமதம்னு அபராதம் வச்சிருக்கான். விரல் நோவுக்காரன், புதுசா வந்தவன், வேலை முடிஞ்சு அசந்து வந்து உக்காருதவன் எல்லாம் ஆடலாம். தானா யோசிச்சு அமுக்குதவன முந்த முடியாது. எல்லாருக்கும் தெரிஞ்ச விலை, எல்லாருக்கும் ஒரே விலை. முடிவெடுக்கிற சாமான் உள்ள வரணும்னா இப்படித்தான் வரணும், கள்ளத்தனமா ஒருத்தன் மட்டும் வச்சுக்கிட்டு மத்தவனப் பாத்து நீ மோசம்னு சொல்லக் கூடாது.

அதனால நான் ஒண்ணு யோசிச்சேன். ஒங்க ரெய்டுல ஆள் பத்தலைன்னு நேத்துக்கூடப் பொலம்பிக்கிட்டு இருந்தேல்ல? எனக்கு ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடு. ஒத்தப் பொத்தான்தான, அமுக்கத் தெரியாதா எனக்கு? 0.2 வினாடியெல்லாம் எம் வயசுக்கு ஒரு தாமதமால? இந்த மூட்ட எந்திரிக்கவே அதுக்கு மேல ஆகும். மீட்டர்ல ஒனக்கு மேல எம் பேரு வந்தா மட்டும் ஆச்சிகிட்டச் சொல்லிராத, சந்தாக் காச அவ டப்பாவுல இருந்துதான் எடுக்கணும்.