ஹீட்டருக்கு ஏன் இந்தச் சோம்பல்?

கேள்வி: லோ வோல்டேஜ் வந்தால் எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் வெந்நீர் தர இழுத்தடிக்கிறதே, ஏன்?

பதில்: பாவம், அதைத் திட்டாதீர்கள்! 2000 வாட் ஹீட்டர் என்றால் வாட்டை வோல்ட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். இனி வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் உள்ளிருக்கும் சுருளின் மின்தடை: ஏறத்தாழ 26.5 ஓம். இது பெரிதாக மாறாது. ஆகவே வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஓடுவது 6.8 ஆம்பியர்தான். வோல்ட்டும் குறைவு, ஆம்பியரும் குறைவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1225 வாட். வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்ததற்கு, சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. கால் மணி நேர வெந்நீருக்கு 24 நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபிரிட்ஜுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவை லோ வோல்டேஜில் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். அப்போது நிறுத்திவிடுவதே நல்லது.

இன்னொன்று. 8.7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை 6 ஆம்பியர் பிளக்கில் தயவுசெய்து செருகாதீர்கள். 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும்.