சோபாவுக்குப் பட்டா

கேள்வி: எங்கள் பூனை புது சோபாவைப் பிறாண்டியே நாராக்கிவிட்டது. நகத்தை எடுத்துவிடலாமா?
- வாசகி, சித்திரபுரம், கேரளம்

பதில்: தவணை கட்டுவது நீங்கள், பட்டா போடுவது பூனை! அதன் பாதத்திலுள்ள வாசனைச் சுரப்பிகள்தான் முத்திரை. பிறாண்டினால் நகத்தின் பழைய மேலுறையும் கழலும். உங்கள் மலைக்காட்டுப் புலியும் மரத்தில் இதைத்தான் செய்கிறது. அதற்கு யாரும் சோபா வாங்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

நகத்தை எடுப்பதென்றால் விரல்நுனி எலும்பையே வெட்டுவது. நியூயார்க் மாநிலம் 2019-இல் அதைத் தடை செய்துவிட்டது. நகநுனியை மட்டும் அவ்வப்போது நறுக்குங்கள். கேரளத்தில் கயிற்றுக்கா பஞ்சம்? பூனை எம்பி நீளும் உயரத்துக்கு ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, சோபா அருகிலேயே ஆடாமல் நிறுத்துங்கள். அடிக்க மட்டும் வேண்டாம்; நீங்கள் வெளியே போனதும் மிச்சத்தை முடித்துவிடும்.