குடலுக்குச் சட்டை

இஞ்ச வா தம்பி, இந்தத் திண்ணையில குந்து. போன முறை நீ எலுவன்குளத்துக்கு வரக்குள்ள நீயும் தொந்தியும் சோடியா வந்தீங்க. இந்த முறை தொந்தி முதல்ல வந்திச்சு, பின்னால நீ வந்தாய். கோவிக்காத. பல்லெல்லாம் போன கிழவனுக்கு வாய்தானே மிச்சம்?

வந்ததும் போனை நீட்டுறாய். "அப்பு, இனிக் கத்தி தேவையில்ல. ஒரு மருந்தைக் குடிச்சாக் குடலுக்குள்ள தானாப் பூச்சுப் பிடிக்குமாம். சீனியும் இறங்குமாம், உடம்பும் வத்துமாம்" எண்டாய். நான் ஒரு கேள்விதான் கேட்டன். பூச்சு எத்தினை நாளைக்கு நிக்கும்? நீ முழிச்சாய். கங்கைவாடியில வள்ளத்துக்குப் பெயிண்ட் வாங்கிறவனே கடைக்காரனிட்ட அதைத்தானே முதல்ல கேப்பான்?

சரி, வேரில இருந்து வருவம். அமெரிக்காவில வால்டர் போரீஸ் எண்டு ஒரு சத்திரசிகிச்சை டாக்டர். கொழுத்த ஆக்களுக்கு வயித்தைச் சின்னதாக்கி, சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமப் போகக் குடலை மாத்தித் தைச்சார். உடம்பு வத்தும் எண்டு பாத்தா, உடம்பு வத்த முந்தியே சீனி இறங்கிச்சு. நீரிழிவு இருந்த ஆக்களில நூத்துக்கு 83 பேருக்குச் சீனி கட்டுக்கு வந்திச்சு எண்டு 1995 இல எழுதி வைச்சார். வெட்டின டாக்டரே அதிசயப்பட்ட சங்கதி அது.

முன்சிறுகுடல் எவ்வளவு நீளம் தெரியுமோ? நாலு விரலைச் சேத்து உன்ர வயித்தில வை. அப்பிடி மூண்டு தரம் வை. பன்னிரண்டு விரல். அவ்வளவுதான். இருபது அடிக் குடலில அந்தப் பன்னிரண்டு விரல் இடம் ஆட்டி வைக்குது எல்லாரையும். ஊரில சின்ன மனுசன்தானே பெரிய சண்டை மூட்டுவான்?

ஆனாக் கத்திக்கு ஆர் ஆசைப்படுவான்? அதனால ஒரு உறை செஞ்சாங்க. எண்டோபாரியர் எண்டு பேர். ரெண்டு அடி நீளம், வாய் வழியா இறக்கிக் குடலில கொளுவி விடுவாங்க. சாப்பாடு உறைக்குள்ளால போகும், குடலில படாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டுக்கு மேல தறப்பாள் போட்டு வைச்சா அடியில பூரான் சேருமா சேராதா? சில பேருக்கு ஈரலில சீழ் கட்டிச்சு. 2015 இல அமெரிக்காவில அந்தச் சோதனையை நிப்பாட்டினாங்க.

பிறகுதான் உன்ர பூச்சு. 2018 இல பொஸ்டன் டாக்டர்மார், வயித்துப் புண்ணுக்குக் குடுக்கிற சுக்ரல்ஃபேட் மருந்தைப் பக்குவம் மாத்தி எலிக்குக் குடுத்தாங்க. சாப்பிட்டா ஏறுற சீனி கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சுது. மூண்டு மணித்தியாலத்தில பூச்சும் போச்சு. 2020 இல அந்தப் பக்கத்து எம்ஐடி ஆக்கள் பண்டிக்குக் குடுத்தாங்க. அதுக்கு ஆரிட்டப் படிச்சாங்க தெரியுமோ? மட்டியிட்ட. அலை அடிச்சாலும் பாறையை விடாத மட்டி இருக்கே, அதின்ர பசையைப் பாத்துப் படிச்சது. மருந்து வயித்தில ஒட்டாது. சிறுகுடலில ஒரு நொதியம் இருக்கு, அதைத் தொட்டாத்தான் இறுகிப் படலமாகும். கெட்டிக்காரங்கள், இல்லையெண்டு சொல்லேல்ல. நாங்க தலைமுறை தலைமுறையா மட்டியை அவிச்சுத் திண்டம். அவங்க அதிட்டப் பாடம் கேட்டாங்க.

மனிசருக்கு? 2025 இல ஸ்பெயின் நாட்டு மலாகாவில கூடின மகாநாட்டில சொன்னாங்க. குடிச்சுப் பாத்தது ஒன்பது பேர். படலம் ஒரு நாள் நிண்டு, தானாக் கழண்டு போகும். ஒன்பது பேர் தம்பி! எங்கட கிளினிக்கில ஒரு வாங்கு நிறையாது. நீ அதுக்குள்ள அரைஞாணைத் தளத்தி விட்டிட்டாய்.

எலிக்குச் சரி வந்திச்சு, பண்டிக்குச் சரி வந்திச்சு. ஆனா எலியும் பண்டியும் புத்தளத்துக் கலியாண வீட்டுக்குப் போறதில்ல. போனாலும், "இண்டைக்குப் பூச்சுப் போட்டிருக்கிறன், இன்னொரு வட்டிலாப்பம் வை" எண்டு கேக்காது. நீ கேப்பாய்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறியோ? நானே கேட்டவன்டா. கோத்தல ஹிம்புட்டு எண்டு ஒரு கொடி. அதின்ர கட்டையில கடைஞ்ச கோப்பையில ராத்திரி தண்ணி ஊத்தி வைச்சு விடியக் குடிக்கிறது எங்கட நாட்டுப் பழைய வைத்தியம். அதுவும் குடலிலதான் வேலை செய்யுது. மாச்சத்தை உடைச்சுச் சீனியாக்கிற நொதியத்தை மறிக்கும். அதில இருக்கிற சாலசினோல் எண்ட சரக்கை 1997 இல ஜப்பான்காரன் பிரிச்சுக் காட்டினான். 2005 இல இலங்கை நோயாளிகளுக்கு அந்தக் கொடி சேத்த தேயிலையைக் குடுத்துப் பாத்து, சீனி குறைஞ்சது எண்டும் எழுதினாங்க.

நானும் ஒரு கோப்பை வாங்கினன். விடியத் தண்ணி குடிப்பன். நெஞ்சு நிமிரும். மருந்துதான் குடிச்சாச்சே எண்டு ரெண்டு சீனிப் பணிஸ், அதுக்கு மேல ரின்பால் தேத்தண்ணி. மூண்டு மாசம் கழிச்சு கிளினிக்கில ரத்தம் பாத்தாங்க. சீனி முந்தினதை விடக் கூட. மிஸ்ஸி கொப்பியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "கோப்பை நல்ல கோப்பைதான் அப்பு. அதுக்குப் பிறகு என்ன கடிச்சீங்க?" எண்டா. வெத்திலைச் சாறு புரையேறினவன் மாதிரி இருமினன்.

மறிக்கிறதுக்கு மருந்து இருக்கு தம்பி. மறிச்ச இடத்தைத் தாண்டிக் கொட்டுறதுக்குத்தான் எங்களுக்குக் கை இருக்கு.

கத்தி தேவைப்படுற அளவுக்கு நோய் முத்தின ஆக்களுக்கு இந்தப் பூச்சு வந்து சேந்தா நல்லது, கும்பிட்டு வரவேப்பம். அந்த டாக்டர்மாரைப் பாத்து நான் சிரிக்கேல்ல. உன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறன். கையில என்ன போத்தல்? மூடியைத் திருப்பாத, பேப்பரைப் பார். சிவப்பு வட்டம் தெரியுதோ? நூறு மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி இருந்தாச் சிவப்புப் போடோணும் எண்டு 2016 இல அரசாங்கம் சட்டம் வைச்சது. வில்பத்துக் கேட்டில யானை கவனம் எண்டு போர்ட் வைச்சிருக்கு. யானை அதை வாசிக்காது, சரி. நீ கம்பஸ் படிச்சவன்தானே?

கொண்டா அதை, முருங்கைக்கு ஊத்துவம். எறும்பாவது வாழ்த்தும்.

உள்ள அப்பாச்சி குரக்கன் பிட்டு அவிக்கிறா, கொவ்வையிலைச் சுண்டலும் இருக்கு. அதைத் திண்டிட்டு ஆத்தங்கரை மட்டும் நடந்து போய் வா. பூச்சு வரைக்குள்ள வரட்டும்.

போகக்குள்ள ஒரு உதவி. உமல் பைக்குக் கீழ கருப்பட்டித் துண்டு ஒண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறா. சத்தம் போடாம எடுத்துத் தந்திட்டுப் போ. என்ன அப்பிடிப் பாக்கிறாய்? புத்தி சொல்லுறவனுக்கு நாக்கு வறளாதோ?