சட்டியை மயக்குவது எப்படி?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. இன்னும் கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லையைப் பிரித்தபோது இந்தப் பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆப்பச்சட்டியை மட்டும் யாரும் பங்கு பிரிக்கவில்லை.

புது இரும்புச் சட்டியை நாம் 'பழக்குவோம்', மலையாளத்தில் 'மயக்குவார்கள்'. இரண்டுமே மாமியார் மருமகளிடம் செய்ய நினைக்கிற காரியங்கள். செய்முறை ஒன்றுதான்: சில நாள் கஞ்சித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காயெண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் வதக்கி, மறுபடி எண்ணெய். சூட்டில் எண்ணெய் இறுகி வழவழப்பான படலமாகிவிடும். அமெரிக்காவில் ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாக டெஃப்லானைக் கண்டுபிடிக்கும்வரை, பாவம், ஆப்பம் ஒட்டாமல்தான் வந்துகொண்டிருந்தது.

இப்போது கைபேசியில் ஒரு 'பரம ரகசியம்' சுற்றுகிறது. மைதா, எண்ணெய், வனஸ்பதி மூன்றையும் சம அளவில் நுரைக்க அடித்துக் கேக் டின்னில் தடவினால் ஒட்டாதாம். உண்மைதான், ஒட்டாது. வெண்ணெய் தடவி மாவு தூவிய பாட்டிகள் அதை இரண்டு வேலையாகச் செய்தார்கள். இது ஒரே வேலை. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடுபவர்கள் தாராளமாகத் தடவுங்கள், டின்னின் மூலையை விட்டுவிடாமல். மயக்கி வைத்த ஆப்பச்சட்டியை மட்டும் தயவுசெய்து கம்பிநார் போட்டுத் தேய்க்காதீர்கள்.