உருளையும் ஒட்டிய வயிறும்: ரிவால்வர் இலட்சணம் குறித்துச் செண்பகத்தோப்பு நோக்கில் ஓர் ஆய்வு

கோயிலுக்குச் சிற்ப நூல் உண்டு. யானைக்கும் குதிரைக்கும் இலட்சணம் வகுத்திருக்கிறார்கள். பல்லி விழும் பலனுக்குக்கூடப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரிவால்வருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. எந்த ரிவால்வர் பார்க்க அழகு என்ற கேள்வியை அமெரிக்கரும் ஆங்கிலேயரும் தத்தம் தயாரிப்பின் பக்கம் சாய்ந்துகொண்டே பேசுவதால், தீர்ப்புச் சொல்ல ஒரு நடுநிலையான இடம் தேவைப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு அதற்கு முற்றிலும் தகுதியானது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கென அறிவிக்கப்பட்ட சரணாலயத்தைச் சேர்ந்த காடு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. இங்கே எவரும் எதையும் சுடக் கூடாது. பசித்தவன் இலையைப் பார்த்து அழகு பேசமாட்டான். ஒரு பொருளின் அழகை எடைபோட, அந்தப் பொருளுக்கு வேலையே இல்லாத இடம்தான் சரி. போதாக்குறைக்கு, ஆய்வுக்கான அளவுகோலை ராஜபாளையமும் சான்றுகளைச் சிவகாசியும் கூப்பிடு தொலைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன.

அளவுகோல் என்றது ராஜபாளையம் நாயை. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இந்த நாயின் அழகு, வெள்ளைத் தோலிலோ இளஞ்சிவப்பு மூக்கிலோ இல்லை. நெஞ்சு ஆழ இறங்கியிருக்கிறது. அங்கிருந்து வயிறு சரேலென்று மேலேறி ஒட்டிக்கொள்கிறது. கனம் ஓரிடத்தில் திரள்கிறது, திரண்ட பிறகு மெலிந்துகொண்டே போகிறது. உடம்பு எங்கும் ஒரே தடிமனாக இருந்தால் அது காவலுக்கு உதவும், கண்ணுக்கு உதவாது. இந்த விதியை அப்படியே ரிவால்வருக்குக் கொண்டுவரலாம். குண்டுகளை ஏந்திச் சுழலும் உருளைதான் அதன் நெஞ்சு. உருளைக்கு முன்னால் நீளும் குழலின் அடிப்பகுதிதான் வயிறு. நெஞ்சு திரண்டு வயிறு ஒட்டியிருக்கும் ரிவால்வர் அழகு. நெஞ்சும் வயிறும் ஒரே கனமாக இருப்பது அழகில் குறைவு. இக்கட்டுரை நிறுவ முற்படுவது இவ்வளவே.

இனி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வருக்கு எண்பட்டைக் குழல். உருளைக்கு மேலே பாலம் போன்ற இரும்புப் பட்டை எதுவும் கிடையாது. உருளை திறந்தவெளியில் தனியே தெரிகிறது. அதன் மேல் 1843 மே 16இல் டெக்சாஸ் கடற்படைக்கும் மெக்சிகோவுக்கும் நடந்த காம்பெச்சே கடற்போர்க் காட்சியைப் பொறித்திருந்தார்கள். செதுக்குவதற்கு இடம் தேடியவர்கள் குழலையோ பிடியையோ விட்டு உருளையைத் தேர்ந்தெடுத்தது, எது முகம் என்று செய்தவர்களுக்கே தெரியும் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் குழலின் அடியில் மருந்து கெட்டிக்கும் நெம்புகோல் நீளமாக ஒட்டியிருப்பதால் வயிற்றுக்குச் சில மதிப்பெண்கள் குறைகின்றன. 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில், உறுதிக்காக உருளைக்கு மேலே பட்டை வந்துவிட்டது. பதிலுக்கு அந்த நெம்புகோல் போய்விட்டது. காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பியின் உறை மட்டும் குழலின் வலப்பக்க அடியில் நிற்கிறது. இடப்பக்கமாக நின்று பார்த்தால் அதுவும் பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதால், இந்த ரிவால்வரை இடப்பக்கமிருந்தே தரிசிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணைவிதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899இல் கொண்டுவந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் அளவான உடம்புக்காரன். அதன் தள்ளுகம்பி முதலில் குழலடியில் தனியாகத் தொங்கியது. 1902இல் அதன் நுனியைப் பிடிக்க ஒரு முட்டு வைத்தார்கள். உறுதி கூடியது, வயிறு லேசாக இறங்கியது. 1955இல் வந்த கோல்ட் பைத்தானில் அந்த முட்டு குழலின் நுனி வரை நீண்டுவிட்டது. சேகரிப்பாளர்கள் பலர் பைத்தானைத்தான் பேரழகி என்பார்கள். அவர்கள் மயங்குவது அதன் ஆழ்ந்த நீல மெருகில். மெருகு தோல் சம்பந்தப்பட்டது. தொப்பை உடம்பு சம்பந்தப்பட்டது. இரண்டையும் குழப்பக் கூடாது.

இந்த விதிக்கு வரும் வலுவான எதிர்வாதம் இங்கிலாந்தின் வெப்லி. 1887 முதல் 1915இன் மார்க் 6 வரை வந்த இந்த வரிசையில் குழலுக்கு அடியில் எதுவுமே தொங்குவதில்லை. வயிறு ஒட்டியிருப்பதுதான் அழகென்றால் வெப்லிக்கல்லவா முதல் பரிசு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விதியின் மறுபாதி, திரண்ட கனம் மெலிந்துகொண்டே போக வேண்டும் என்பது. வெப்லியின் குழல் மேலும் கீழும் தடித்த பாளமாக, உருளையோடு போட்டியிட்டுக்கொண்டு நீள்கிறது. உறையில் சிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் வைத்த புடைப்பும், மேலே பூட்டும் கொக்கியும் பார்வையை உருளையில் நிற்கவிடாமல் இழுக்கின்றன. நடுவே மடித்துத் திறந்தால் ஆறு காலித் தோட்டாக்களும் ஒரே நேரத்தில் வெளியேறும். 1873 கோல்ட்டிலோ ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும். வெப்லி வேலைக்காரன் என்பதில் ஐயமில்லை. இங்கே நடப்பது வேலைக்கான நேர்முகத் தேர்வு அல்ல.

பழகிய உருவமே அழகாகத் தெரியும் என்பது அடுத்த மறுப்பு. அப்படியானால் நம் ஊர்க் கண்ணுக்கு வெப்லிதான் அழகாகப் பட்டிருக்க வேண்டும். வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பில் இருந்தது அந்த வகை. விடுதலைக்குப் பிறகு கான்பூரில் தயாராகி உரிமம் பெற்றவர்களிடம் போகும் .32 ரிவால்வரும் வெப்லி மார்க் 4 வழிவந்ததே. 2014இல் பெண்களுக்கென்று டைட்டானியக் கலவையில் வந்த நிர்பீக்கும் அந்தக் குடும்பமே. ஆனால் தீபாவளிக்குப் பையன்கள் கேட்பது கௌபாய்த் துப்பாக்கியை. அந்தக் கௌபாய் நம் தாலுகாவில் குதிரை ஓட்டியதாகச் செய்தி இல்லை. பழக்கம் ஒரு பக்கமும் விருப்பம் வேறு பக்கமும் நிற்கும்போது, விருப்பத்துக்குக் காரணம் உருவத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிவகாசிச் சான்று தீர்மானகரமானது. சுருள் கேப் போட்டு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கு உருளை தேவையே இல்லை. சிவப்புக் காகிதச் சுருள் உள்ளே சுற்றியிருக்கும். விசையை அழுத்தினால் ஒரு பொட்டு மேலேறிச் சுத்திக்கு அடியில் வந்து வெடிக்கும். ஆனாலும் கௌபாய்ச் சாயலில் வரும் பொம்மையில் சுழலாத, திறக்காத, எதற்கும் பயன்படாத ஓர் உருளை வார்க்கப்பட்டிருக்கிறது. பத்துப் பைசா மிச்சம் பிடிக்க எதையும் வெட்டிவிடும் தொழில், இந்தப் பொய் உருளையை மட்டும் வெட்டவில்லை. ஒரு பொருளிலிருந்து பயன் முழுவதும் போன பிறகும் எந்த உறுப்பைக் காசு செலவழித்து வைத்திருக்கிறார்களோ, அந்த உறுப்பில்தான் அதன் அழகு இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. எட்டுப் பொட்டு ரிங் கேப் வந்தபோது உருளைக்கு உண்மையிலேயே வேலை கிடைத்தது. அதுவரை அது சம்பளமில்லாமல் அழகுக்காக மட்டுமே பணியில் இருந்தது.

அழகு உருவத்தில் இல்லை, அதைப் பிடித்திருந்த கதாநாயகனிடம்தான் என்று சினிமா அறிந்தவர்கள் சொல்லக்கூடும். கர்ணன் இயக்கி 1972இல் வந்த ‘கங்கா’வில் ஜெய்சங்கர் கௌபாயாக வந்ததை அவர்கள் சான்று காட்டலாம். ஆனால் அதே ஜெய்சங்கருக்கு நாம் கொடுத்த பட்டம் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட். அசல் ஜேம்ஸ்பாண்டின் கையிலிருந்தது உருளையில்லாத வால்தர் பிஸ்டல். நாயகப் புகழே அழகைத் தருமென்றால் பிஸ்டல் ரிவால்வரை என்றோ ஒழித்திருக்க வேண்டும். ஒழிக்கவில்லை என்பதற்கும் சிவகாசியே சாட்சி. அங்கிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழ் பேசியது அவற்றில்தான். கட்டைவிரல் அகலக் கட்டத்துக்குள் பிஸ்டலை வரைந்தால் கவிழ்த்து வைத்த ‘ட’வாகத்தான் தெரியும். ரிவால்வரை எவ்வளவு சிறிதாக வரைந்தாலும் திரண்ட உருளையும் மெலிந்த குழலும் அடையாளம் காட்டிவிடும். மட்டமான தாளும் கறுப்பு மையும் சேர்ந்து நடத்தும் இந்தத் தேர்வில் மெருகு உதவாது, புகழ் உதவாது, உடல்வாகு மட்டுமே உதவும்.

கொல்லும் கருவியில் அழகு தேடுவது தகுமா என்பது எஞ்சிய, கனமான மறுப்பு. பொய் உருளைச் சான்றே இதற்கும் விடை. ரிவால்வரின் அழகு அதன் கொடுமையைச் சார்ந்திருந்தால், சுட முடியாத பொம்மையில் அது உயிர்பிழைத்திருக்காது. கொடுமையைக் கழித்த பிறகும் மிஞ்சுவதைத்தான் இக்கட்டுரை அளக்கிறது. அப்படி மிஞ்சியதை ரசிக்க உரிமமும் வேண்டாம்.

எனவே முதலிடம் 1873 கோல்ட்டுக்கு. அதிலும் குழல் நீளம் பார்த்தே பரிசளிக்க வேண்டும். உருளை ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்கு ஏழரை அங்குலக் குழல் சிப்பிப்பாறை நாயின் ஒடிசல், நாலேமுக்கால் அங்குலம் குட்டிப் பருவம். ஐந்தரை அங்குலமே ராஜபாளையம். இரண்டாமிடம் 1851 நேவிக்கு, மூன்றாமிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு, வெப்லிக்கு நன்னடத்தைச் சான்றிதழ். பைத்தான் மேல்முறையீடு செய்ய விரும்பினால் முதலில் வயிற்றைக் குறைத்துக்கொண்டு வரட்டும்.