பனிக்கடலும் மாநாட்டு மேசையும்

கேள்வி: துருவக் கடலை ஆராய மாநாடு எதற்கு? கப்பலேறிப் போய்ப் பார்த்தால் போதாதா?

பதில்: போய்ப் பார்த்தவர்தான் மாநாடே வேண்டும் என்றார்! ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி கார்ல் வெய்ப்ரெக்ட்டின் ‘டெகெத்தாஃப்’ கப்பல் 1872-ல் நோவயா செம்லியா அருகே பனியில் மாட்டிக்கொண்டது. மிதக்கும் பனி ஓராண்டு இழுத்துப்போய்க் காட்டிய இடம்தான் ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டம். கண்டுபிடித்த பெருமை மட்டும் மனிதர்களுக்கு. ஆளுக்கொரு மூலையில் கொடி நட்டு அறிவியல் வளராது, பல இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே முறையில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1879-ல் ஹாம்பர்க்கில் அதற்கென மாநாடு கூடியது. 1881-ல் அவர் மறைந்தார். மறு ஆண்டே முதல் சர்வதேசத் துருவ ஆண்டு தொடங்கியது. அதில் டச்சுக் குழுவின் ‘வர்னா’ கப்பல், போகும் வழியிலேயே காரா கடல் பனியில் சிக்கி 1883-ல் மூழ்கியது. குழுவினர் சளைக்காமல், சிக்கிய இடத்திலேயே அளவெடுத்தார்கள்.